ஊசி போட்ட குழந்தைங்கதானே அதிகமா அட்மிட் ஆகுதுங்க? வந்த கேள்விகளும் என் பதில்களும்

இந்த தடவை வந்ததுல பாதி தடுப்பூசி பத்தி, மீதி குழந்தைங்க எமர்ஜென்சில நடக்கற ஆராய்ச்சி பத்தி. பிரிக்காம கலந்தே பதில் சொல்லிடறேன்.

அட்மிட் ஆன குழந்தைங்கள்ல ஊசி போட்டவங்கதான் அதிகம்னு ஒரு மெசேஜ் சுத்துது. அப்ப ஊசி எதுக்கு டாக்டர்?

மெசேஜ்ல இருக்கற நம்பர் உண்மையாவே இருக்கலாம், அதுலேர்ந்து எடுக்கற முடிவுதான் தப்பு. சும்மா ஒரு கணக்கு போடுவோம். 1,000 குழந்தைங்க, அதுல 900 பேர் போட்டவங்க, 100 பேர் போடாதவங்க. போடாத 100-ல 20 பேர் அட்மிட், போட்ட 900-ல 36 பேர் அட்மிட். வார்டுல போய் எண்ணினா 56-ல 36 பேர் ஊசி போட்டவங்க, பாத்தா பக்குனுதான் இருக்கும். ஆனா நூத்துக்கு எத்தனைன்னு பாருங்க, அங்க 20, இங்க 4. அதாவது ஊசி 80 சதவீதம் தடுத்திருக்கு. வார்டுக்குள்ள மட்டும் எண்ணினா வீட்ல ஓடியாடிட்டு இருக்கற அந்த 864 பேர் கணக்குலயே வரமாட்டாங்க, அவ்ளோதான் விஷயம். எல்லாருமே போட்டுட்டா அட்மிட் ஆகற அத்தனை பேரும் போட்டவங்களாதான் இருப்பாங்க, அதுக்காக ஊசி வேஸ்ட்னு சொல்லிடுவோமா?

மூக்குல ஸ்வாப் எடுத்துட்டு ஆராய்ச்சில சேர சொன்னாங்க. என் பொண்ணுக்கு ஃப்ளூ நெகட்டிவ். அப்புறமும் ஏன் தடுப்பூசி கார்டை போட்டோ எடுத்தாங்க?

உங்க பொண்ணு மாதிரி நெகட்டிவ் வந்தவங்க இல்லாம அந்த ஆராய்ச்சியே நடக்காது. இருமல், ஜுரம்னு ஒரே மாதிரி தொந்தரவோட வந்த எல்லாரையும் டெஸ்ட் பண்ணி, பாசிட்டிவ் ஒரு பக்கம், நெகட்டிவ் ஒரு பக்கம் வச்சு, ரெண்டு பக்கமும் எத்தனை பேர் ஊசி போட்டிருக்காங்கன்னு பாப்பாங்க. பாசிட்டிவ் 100-ல 40 பேர் போட்டிருக்காங்க, நெகட்டிவ் 100-ல 70 பேர்னு வைங்க. 40-ஐ 60-ஆல வகுத்து, 70-ஐ 30-ஆல வகுத்து, முதல்ல வந்ததை ரெண்டாவதால வகுத்தா கிட்டத்தட்ட 0.29 வரும், ஒன்னுலேர்ந்து அதை கழிச்சா சுமார் 71 சதவீதம். ஆராய்ச்சி பேப்பர்ல 'எஃபெக்டிவ்னஸ்', அதாவது ஊசி எவ்ளோ தடுக்குதுன்னு போடறது இதத்தான்.

எமர்ஜென்சி பக்கமே வராத குழந்தைங்களோட ஏன் ஒப்பிடலன்னு கேக்கலாம். நேரத்துக்கு ஊசி போட்டுட்டு, லேசா மூச்சு இரைச்சாலே தூக்கிட்டு ஓடி வர்ற வீடும் இருக்கு, ரெண்டும் பண்ணாத வீடும் இருக்கு. நெகட்டிவ் குழந்தையும் அதே கதவு வழியாதானே வந்திருக்கு, அதனால இந்த வித்தியாசம் முழுசா போகாட்டியும் பெரும்பாலும் அடிபட்டுடும்.

கார்டு விஷயத்துல நாங்க கறாரா இருக்கறதுக்கு காரணம் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கற குழந்தைய மடில வச்சிருக்கற அம்மாகிட்ட 'ஃப்ளூ ஊசி போட்டீங்களா'ன்னு கேட்டா, 'எல்லாம் போட்டாச்சு'ன்னுதான் பதில் வரும். எந்த ஊசி, என்னிக்கு, எத்தனாவது டோஸ், இதெல்லாம் கார்டுலதான் இருக்கு. போட்டு ரெண்டு வாரம்கூட ஆகலன்னா பெரும்பாலான ஆராய்ச்சில அதை 'போட்டாச்சு'ன்னு எடுத்துக்கறதும் இல்ல.

எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) போட்டு ஒன்பதாம் நாள் ஜுரத்தோட ஃபிட்ஸ் வந்துச்சு. ஊசியாலயா?

இருக்கலாம், மழுப்ப மாட்டேன். அது உயிருள்ள, வீரியம் குறைச்ச வைரஸ், அதனால ஜுரம் அன்னிக்கே வராம ரெண்டாவது வாரத்துல வரும். 3,000-லேர்ந்து 4,000 டோஸுக்கு ஒரு ஃபிட்ஸ் இப்படி கூடுதலா வருது. இதை கண்டுபிடிக்க குழந்தைய இன்னொரு குழந்தையோட ஒப்பிட வேண்டாம், அதே குழந்தையோட ஊசிக்கு அப்புறமான அந்த சில நாளை மத்த நாளோட ஒப்பிட்டாலே போதும். ஊசியே போடாட்டியும் 5 வயசுக்குள்ள நூத்துல 2-லேர்ந்து 5 குழந்தைக்கு ஜுர ஃபிட்ஸ் வரத்தான் செய்யுது, பயமுறுத்துமே தவிர மூளையை பொதுவா பாதிக்காது. ஆனா அஞ்சு நிமிஷம் தாண்டினா காத்திருக்காதீங்க.

மயக்கத்துல வர்ற குழந்தைய வச்சு டிரையல் பண்றாங்களாமே, பெத்தவங்ககிட்ட கேக்காமயே?

கோவம் நியாயம்தான். சில நாடுகள்ல, உயிர் போற அவசரத்துல மட்டும், எதிக்ஸ் கமிட்டி முன்னாடியே அனுமதி குடுத்திருந்தா, முதல்ல சிகிச்சை, அப்புறம் சம்மதம்னு பண்ணலாம். பெத்தவங்க வேணாம்னு சொன்னா அதுக்கப்புறம் அந்த குழந்தையோட டேட்டாவ எடுக்கக்கூடாது.

அப்படியாவது ஏன் பண்ணனும்னா, ஒரு உதாரணம் சொல்றேன். கடுமையான ஜுரத்தோட ரத்த ஓட்டம் குறைஞ்சு வர்ற குழந்தைக்கு மளமளன்னு டிரிப்ஸ் ஏத்தறது பல வருஷமா எல்லாரும் சரின்னு நம்பினது. உகாண்டா, கென்யா, டான்சானியால 3,141 குழந்தைங்கள வச்சு பண்ணின ஃபீஸ்ட் டிரையல் 2011-ல வெளியாச்சு. வேகமா ஏத்தின ரெண்டு குரூப்லயும் 48 மணி நேரத்துல இறந்தவங்க கிட்டத்தட்ட 10.5 சதவீதம், அப்படி ஏத்தாத குரூப்ல 7.3. நல்லதுன்னு நெனச்சு பண்ணினது ஆளையே கொன்னுருக்கு! அங்கயும் சில பேர்கிட்ட முதல்ல வாய்மொழியா ஒப்புதல் வாங்கிட்டு, முழு சம்மதம் அப்புறம்தான் வாங்கினாங்க. ஐசியூ வசதி இல்லாத ஆஸ்பத்திரிங்க அது, வயித்துப்போக்கு குழந்தைங்கள அதுல சேக்கவும் இல்ல, அதனால 'டிரிப்ஸே ஆபத்து'ன்னு தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க.

வாந்தி பேதிக்கு ப்ரோபயாட்டிக் பவுடர் குடுக்கலாமா?

2018-ல அமெரிக்கால ஒன்னு, கனடால ஒன்னு, ரெண்டு பெரிய டிரையல் வந்துச்சு, ரெண்டுமே எமர்ஜென்சிக்கு வந்த குழந்தைங்கதான், சேத்து 1,800 பேருக்கு மேல. வெத்து பவுடரோட ஒப்பிட்டா ஒரு வித்தியாசமும் இல்ல. ஓஆர்எஸ் ஸ்பூன் ஸ்பூனா குடுங்க.

ஜுரம்னு போனா ஏன் உடனே 'ஊசி எல்லாம் போட்டாச்சா'ன்னு கேக்கறாங்க?

ரத்தம் எடுக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணத்தான். ஹிப், நிமோகாக்கல் ஊசிங்க (மூளைக்காய்ச்சல், நிமோனியா வர வைக்கற ரெண்டு பாக்டீரியாவுக்கானது) வர்றதுக்கு முன்னாடி, 3 வயசுக்குள்ள அதிக ஜுரத்தோட, பாக்க தெம்பா இருக்கற குழந்தைங்கள்லயே நூத்துக்கு 3-லேர்ந்து 5 பேர் ரத்தத்துல பாக்டீரியா இருந்துச்சு. இப்ப நூத்துக்கு ஒன்னுக்கும் கீழ. அதனால ஊசி முழுசா போட்ட, தெம்பா இருக்கற குழந்தைய குத்தாமலே அனுப்பிடறோம், யூரின் மட்டும் சில பேருக்கு பாப்போம். 3 மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு இந்த கணக்கு செல்லாது, 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே கார்டு தேடிட்டு நிக்காம தூக்கிட்டு வந்துடுங்க.