அம்மாவோடு பாறை ஓவியம் பார்க்க: நமீபியா கேள்வி பதில்

66 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு நமீபியாவின் பிராண்ட்பெர்க் மலைக்கும் ட்வைஃபல்ஃபொன்டைனுக்கும் போய் வந்தேன். அதற்கு முன் தனியாகவும் ஒருமுறை போயிருக்கிறேன். பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. பிராண்ட்பெர்க்கில் இருக்கும் 'வெள்ளைப் பெண்' பாறை ஓவியம் வரை நடந்துவிடுவாரா?

போக இரண்டரை கிலோமீட்டர், வர இரண்டரை. சிசாப் பள்ளத்தாக்கின் காய்ந்த ஓடையை ஒட்டியே பாதை. மணல், உருண்டைக் கல், நடுநடுவே கையூன்றி ஏற வேண்டிய பாறைகள். மற்றவர்கள் முக்கால் மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். அம்மாவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், அது நல்லதுதான். எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு நிழலிலும் தானாகவே நின்றார். அந்த வழியில் நிழலே நாலைந்து இடத்தில்தான்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. ஊன்றுகோல் கட்டாயம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். திறந்ததும் முதல் ஆளாகக் கிளம்புங்கள். மே முதல் செப்டம்பர் வரை போனால் வெயில் தாங்கும். டிசம்பர், ஜனவரியில் வயதானவர்களை அங்கே கூட்டிப் போகவே வேண்டாம். வலி அதிகமென்றால் பிராண்ட்பெர்க்கை விட்டுவிட்டு ட்வைஃபல்ஃபொன்டைன் மட்டும் பாருங்கள். அங்கே நடை குறைவு.

அந்த 'வெள்ளைப் பெண்' உருவம் பெண்ணே இல்லை என்கிறார்களே?

ஆமாம், ஆண்தான். 1918இல் ரெய்ன்ஹார்ட் மாக் என்ற ஜெர்மானியர், நமீபியாவிலேயே உயரமான கோனிக்ஸ்டைன் சிகரத்தில் (2,573 மீட்டர்) ஏறிவிட்டு இறங்கும்போது தற்செயலாக இதைப் பார்த்தார். பிறகு ஹென்றி ப்ரோய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், இடுப்புக்குக் கீழே வெள்ளையாக இருப்பதை வைத்து, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த பெண் என்று சொல்லிவிட்டார். ஆப்பிரிக்கர்கள் இப்படி வரைந்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு இன்றும் மனசு வலிக்கிற இடம் இது. வரைந்தவர்கள், ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் பழங்குடிகளான சான் மக்களின் முன்னோர்கள். கையில் வில்லோடு நடக்கும் அந்த உருவம் நோய் தீர்க்கும் பூசாரியாக இருக்கலாம், வெள்ளை என்பது உடம்பில் பூசிய சாயம் என்பதுதான் இப்போது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: உருவம் 40 சென்டிமீட்டர்தான். பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், சுற்றியிருக்கும் மான்களையும் மனிதர்களையும் பொறுமையாகப் பாருங்கள். ஹரால்ட் பாகர் என்பவர் 1977 முதல் 1985 வரை இந்த ஒரே மலையில் 40,000க்கும் மேற்பட்ட உருவங்களைப் படியெடுத்தார்.

ட்வைஃபல்ஃபொன்டைனிலும் ஓவியம்தானா?

ஓவியம் கொஞ்சம் உண்டு, ஆனால் பெரும்பாலும் கல்லால் கொத்திய உருவங்கள். 2,000க்கும் மேல். 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சிங்க மனிதனைத் தவறவிடாதீர்கள். பாதத்துக்கு ஐந்து விரல் போட்டிருக்கிறார்கள். நிஜச் சிங்கத்தின் தடத்தில் நாலுதான் பதியும். மனிதன் சிங்கமாக மாறுவதைக் காட்டுகிறது என்கிறார்கள். கடலிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே, பாறையில் ஒரு கடல்நாய் (சீல்) உருவம் வேறு இருக்கிறது! காலையிலோ சாயங்காலமோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் கொத்து தெளிவாகத் தெரியும்.

கிட்டப் போய்த் தொடலாமா?

வேண்டவே வேண்டாம். முன்பு வந்தவர்கள் நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று வெள்ளைப் பெண் மேல் தண்ணீரும் குளிர்பானமும் ஊற்றியிருக்கிறார்கள். பல ஆயிரம் வருடம் நின்றது சில பத்து வருடத்தில் மங்கிவிட்டது. இப்போது முன்னால் கம்பி போட்டிருக்கிறது. பிளாஷும் போடாதீர்கள்.

நாமே கார் ஓட்டலாமா?

ஓட்டலாம். நம்மைப் போல இடப்பக்கம்தான். ஆனால் சரளைச் சாலை, வேகம் கூடினால் வண்டி வழுக்கும். ஊயிஸ் ஊரில் தங்கி, அங்கேயே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், மான் குறுக்கே பாயும்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருந்ததா? எங்கள் அம்மா கோயில் என்றால்தான் வருவார்.

எங்கள் அம்மாவும் அப்படித்தான். ஓவியத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, ஓரத்தில் ஓடுகிற சின்னச் சின்னச் சிவப்பு மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இது காவிதானேடி? கோலத்துக்குப் போடுவோமே" என்றார். வழிகாட்டி என்னவென்று கேட்டார், சொன்னேன். சிவப்பு இரும்புத் தாது, பாறைக்குள் ஊறிவிடும், அதனால்தான் வெள்ளையைவிட அதிக நாள் நிற்கிறது என்று விளக்கினார். திரும்பும் வழியில் ஓடையில் கிடந்த ஒரு சிவப்புக் கல்லை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்தார். கோடு விழுந்தது. கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வண்டிக்கு வரும்வரை அந்தக் கையை மூடியே வைத்திருந்தார்.