குடும்பத்தோட இத்தாலில ஒரு அமைதியான கடலோர கிராமத்துல ஒரு வாரம் தங்கணும், எங்க போறது, எப்போ போறது?

கேள்வில நீங்க சொல்லியிருக்கறது: சென்னைல ஸ்கூல் போற ரெண்டு சின்னப் பசங்க, முட்டி வலியோட மாமியார், வீட்டுல பாதிப் பேர் சைவம், கூட்டம் ஆகாது, ஆனா கடல் கண்டிப்பா வேணும். இதுக்கு பத்துல ஒன்பது பேர் பொசிட்டானோ போங்க, சின்க்வே தெர்ரே போங்கன்னுதான் சொல்லுவாங்க. நான் சொல்லமாட்டேன். போட்டோக்கு அழகுதான், இல்லைங்கல. ஆனா பொசிட்டானோவே செங்குத்தா மலைச்சரிவுல இருக்கற ஊரு, கடலுக்கு இறங்கறதுன்னா படி, திரும்பி வீட்டுக்கு வர்றதுன்னா அதே படி, ரெண்டாவது நாளே அத்தை "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்"னு சொல்லிடுவாங்க.

சிலென்டோ போங்க. நேப்பிள்ஸுக்குத் தெற்க, சலேர்னோவையும் தாண்டி இருக்கற கடற்கரைப் பக்கம். 1991ல இதுல பெரிய பகுதிய நேஷனல் பார்க்கா அறிவிச்சுட்டாங்க, 1998ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு. வெளிநாட்டுக்காரங்க கம்மி, வர்றவங்க பெரும்பாலும் நேப்பிள்ஸ், சலேர்னோ பக்கத்துக் குடும்பங்கதான், பாட்டி தாத்தா பேரப்பசங்கன்னு மொத்தமா வருவாங்க, அதனால உங்க பசங்க ராத்திரி பத்து மணிக்கு தெருவுல ஓடி விளையாடினாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க.

அதுலயும் சான்டா மரியா டி கஸ்தெல்லபாத்தேன்னு ஒரு ஊரு. பேரைப் பார்த்து குழம்பாதீங்க, கஸ்தெல்லபாத்தேங்கறது மேல மலை உச்சில இருக்கற பழைய கோட்டை ஊரு, சான்டா மரியா கீழ கடலோரத்துல. ஆன்லைன்ல வீடு தேடும்போது மேல இருக்கற ஊர்ல கல்லு வச்ச வளைவு, பூத்தொட்டி, கடல் தெரியற மாடின்னு காட்டி மயக்கிடுவாங்க. வேண்டாம், ஒரு சாயங்காலம் மேல போய் சுத்திப் பார்த்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இறங்கிடுங்க, தங்கறது கீழதான். கீழ தெரு சமதளம், கடைத்தெரு கடலை ஒட்டியே போகுது, பொஸ்ஸில்லோங்கற மணல் கடற்கரை நடக்கற தூரம், அதுல ஆழம் மெதுவாத்தான் கூடும், சின்னதுங்க பயமில்லாம இறங்கலாம். கடைத்தெருவுக்குப் பேரு கோர்சோ மத்தராஸ்ஸோ, 1854ல இங்க பொறந்து பிரேசிலுக்குப் பொழைக்கப் போய் அங்க பெரிய தொழிலதிபரா ஆன பிரான்செஸ்கோ மத்தராஸ்ஸோவோட குடும்பப் பேரு அது. மனுஷன் கப்பல்ல கொண்டுபோன பன்றிக்கொழுப்பு சரக்கு பூரா தண்ணில மூழ்கிடுச்சாம், வெறுங்கையோட ஆரம்பிச்சாருன்னு சொல்றாங்க.

இன்னும் அமைதி வேணும்னா அச்சரோலி, பியோப்பி. ரெண்டும் பொல்லிக்காங்கற பஞ்சாயத்துல வர்ற சின்ன ஊருங்க. பியோப்பிலதான் ஆன்செல் கீஸ்ங்கற அமெரிக்க விஞ்ஞானி ரொம்ப வருஷம் வாழ்ந்தாரு, மெடிட்டரேனியன் டயட்னு இன்னைக்கு டாக்டர்லாம் சொல்றாங்களே அத உலகத்துக்குச் சொன்ன ஆளு, அவரே 100 வயசு வரைக்கும் இருந்துட்டு 2004ல போனாரு. ஆனா பியோப்பி கடற்கரை கூழாங்கல்லு, மண்வீடு கட்டணும்னு வாளியோட வர்ற பசங்களுக்கு ஏமாற்றம். அதனால உங்களுக்கு சான்டா மரியாவே சரி.

ஆனா ஊரைவிட முக்கியம் தேதி. இத நான் எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் யாரும் கேக்கறதில்ல. ஆகஸ்ட்ல இத்தாலில அமைதியான கடலோர கிராமம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோன்னு அவங்களுக்குப் பெரிய லீவு, அதுக்கு முன்னயும் பின்னயும் நாடே கடற்கரைல இருக்கும், வீட்டு வாடகை எகிறும், சனிக்கிழமைலேர்ந்து சனிக்கிழமை வரைக்கும் முழு வாரமாத்தான் வீடு தருவாங்க, குடைக்கு அடில இடம் பிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். சரி, நம்ம பசங்களுக்குத்தான் ஏப்ரல் மே லீவாச்சேன்னு அப்ப போனா, ஊரு அமைதியா இருக்கும், விலையும் குறைவு, ஆனா மே மாசம் கடல் தண்ணி 18, 19 டிகிரிதான், மெரினால ஆடின பசங்க காலை வச்சுட்டு வெளிய ஓடி வந்துடுவாங்க. வெயில் இருக்கும், குளிக்க முடியாது.

அப்ப எப்போ? காலாண்டு லீவு! செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். ஜூன்லேர்ந்து காய்ஞ்ச வெயில கடல் உள்ள வாங்கி வச்சிருக்கும், அதனால செப்டம்பர் கடைசிலயும் தண்ணி 23, 24 டிகிரி இருக்கும். இத்தாலிப் பசங்களுக்கு ஸ்கூல் செப்டம்பர் நடுவுலயே திறந்துடும், கடற்கரை காலி. நாங்க போனதும் இந்த சமயத்துலதான், என் பசங்களுக்கு பாதிக் கடற்கரை சொந்தமா கிடைச்ச மாதிரி இருந்துச்சு. இதுல ரிஸ்க்கும் இருக்கு, மறைக்கல. அக்டோபர் உள்ள போகப் போக மழை வரும், சில ஹோட்டல்களும் வாடகைக் குடைக்காரங்களும் செப்டம்பரோட மூடிட்டுப் போயிடுவாங்க. அதனால லீவு தேதி வந்ததும் முதல் நாளே கிளம்பறா மாதிரி டிக்கெட் போடுங்க, முடிஞ்சா ஸ்கூல்ல சொல்லி முன்னாடி ரெண்டு நாள் எடுத்துக்கோங்க.

போற வழி: சென்னைலேர்ந்து நேர் ஃபிளைட் கிடையாது, வளைகுடா வழியா ரோம் வந்து இறங்கறது பெரும்பாலானவங்களுக்கு சுலபம். ரோம்லேர்ந்து நேப்பிள்ஸ் வேக ரயில்ல ஒண்ணேகால் மணி நேரம்தான், அங்கேர்ந்து சலேர்னோ வழியா தெற்க போற ரயில்ல அக்ரோப்போலி ஸ்டேஷன். லோக்கல் ரயிலுக்குப் பேப்பர் டிக்கெட் வாங்கினா பிளாட்பாரத்துல இருக்கற சின்ன மெஷின்ல குத்திட்டுத்தான் ஏறணும், இல்லன்னா டிக்கெட் இருந்தும் ஃபைன். அக்ரோப்போலிலேர்ந்து சான்டா மரியாவுக்கு பஸ் உண்டு, ஆனா எப்பவாவதுதான், ஞாயித்துக்கிழமை அத நம்பவே நம்பாதீங்க. வீட்டு ஓனர்கிட்ட முன்னாடியே சொன்னா வண்டி ஏற்பாடு பண்ணித் தருவாங்க, ரேட்ட அப்பவே பேசிடுங்க.

கார் எடுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் பர்மிட் வேணும், ஆர்டிஓ ஆபீஸ் வேலை, முன்னாடியே முடிச்சுக்கணும். ஒன்றரை மீட்டர் உயரம் வராத பசங்களுக்கு சைல்டு சீட் கட்டாயம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி கிடைக்கறது கம்மி, விலையும் கூட. பழைய ஊர்களுக்குள்ள வெளி வண்டி நுழையக்கூடாதுன்னு போர்டு வச்சு கேமரா மாட்டியிருப்பாங்க, தெரியாம நுழைஞ்சா ஃபைன் நீங்க சென்னை வந்தப்புறம் தபால்ல வரும். பார்க்கிங்ல நீலக் கோடு காசு, வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் பக்கமே போகாதீங்க. என் அபிப்பிராயம், வாரம் பூரா கார் வேஸ்ட்டு, ரெண்டு நாள் மட்டும் அக்ரோப்போலில எடுங்க போதும்.

வீடுன்னா கிச்சன் இருக்கற வீடுதான். லிஸ்ட்டிங்ல சிஐஎன்னு அரசாங்கம் தர்ற பதிவு நம்பர் இருக்கான்னு பாருங்க, 2025லேர்ந்து இது இல்லாம வாடகைக்கு விடவே கூடாது, நம்பர் இல்லாத வீட்ட அப்படியே தள்ளிவிட்டுடுங்க. எல்லார் பாஸ்போர்ட்டையும் ஓனர் கேப்பாரு, பயப்பட வேண்டாம், போலீஸ்ல பதியறது சட்டம். பெட்ஷீட்டு, கடைசில க்ளீனிங், ஊராட்சி வரி இதெல்லாம் தனித்தனியா கேக்கறாங்களான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. இன்னொண்ணு, அங்க நிறைய வீட்டுக்கு கரண்ட் கனெக்ஷன் 3 கிலோவாட்தான். ஏசி, வாஷிங் மெஷின், ஓவன் மூணையும் ஒண்ணா போட்டா பட்டுனு போயிடும், மீட்டர் பெட்டி எங்க இருக்குன்னு சாவி வாங்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க, சில வீட்டுல அது கீழ்த்தளத்துல கும்மிருட்டுல இருக்கும். நம்ம மூணு பின் பிளக் அங்க செட்டாகாது, அடாப்டர் வேணும், வோல்டேஜ் பிரச்சனை இல்ல, குட்டி ரைஸ் குக்கர் தாராளமா கொண்டு போகலாம்.

ஆனா பெட்டில நெய், பால்கோவா, கோவா ஸ்வீட்டு எதுவும் வைக்காதீங்க. வெளிய இருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டுபோகக் கூடாது, பச்சைக் கறிவேப்பிலைக்கும் சர்டிஃபிகேட் கேப்பாங்க. எங்க அத்தை ஒரு டப்பா நெய்ய மனசே இல்லாம எடுத்து வெளிய வச்சாங்க, அப்புறம் அங்க ஆலிவ் எண்ணெய்ல பருப்பு தாளிச்சு சாப்பிட்டுட்டு "பரவால்லடி"ன்னாங்க, அவங்க வாய்ல அது பெரிய வார்த்தை. பொடி, புளி, பருப்பு, அரிசி எல்லாம் போதுமான அளவு எடுத்துக்கோங்க.

வெளிய சாப்பாடு சைவத்துக்கு நினைக்கற அளவுக்குக் கஷ்டமில்ல. மரினாரா பீட்சாவுல தக்காளி, பூண்டு, ஒரிகானோ மட்டும்தான், சீஸ்கூட கிடையாது. தக்காளி சாஸ் பாஸ்தா, பீன்ஸ் போட்ட பாஸ்தா, கத்திரிக்காய்ல பண்ற பார்மிஜானா எல்லாம் உண்டு. "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா"ன்னு சொல்லுங்க, கறி மீன் முட்டை மூணும் வேண்டாம்னு அர்த்தம். ரொம்பக் கறாரான சைவம்னா பார்மெசான் சீஸ் கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற, பாலை உறைய வைக்கற ரென்னட் போட்டு பண்றது, அத உங்க வீட்டுல முடிவு பண்ணிக்கோங்க. மீன் சாப்பிடறவங்க நெத்திலிய விடாதீங்க, முள்ளெடுத்து ரெண்டு மீனுக்கு நடுவுல சீஸும் முட்டையும் பிசைஞ்சு வச்சு பொரிச்சு, அப்புறம் தக்காளி சாஸ்ல கொதிக்க விடுவாங்க, நான் மூணு வேளையும் அதையே சாப்பிடத் தயார். நேரம்தான் நமக்கு ஒத்து வராது: மதியம் ரெண்டரைக்கு கிச்சன மூடினா ராத்திரி ஏழரைக்குத்தான் திறப்பாங்க, கடைங்களும் மதியம் பூட்டு. அந்த நேரத்துல பசங்களுக்குப் பசிக்கும்னு எழுதியே தரலாம், வீட்டுல ஏதாவது இருக்கட்டும். பில்லுல ஆளுக்கு ஒண்ணு ரெண்டு யூரோ கோப்பெர்தோன்னு சேர்த்திருப்பாங்க, ஏமாத்தல, அது அங்க வழக்கம்.

சுத்திப் பார்க்க ஒரு நாள் போதும், பைஸ்தும். மூணு கிரேக்கக் கோயில், அதுல பழசு கி.மு. 550 வாக்குல கட்டினது, தூணெல்லாம் இன்னும் நிக்குது. பக்கத்து மியூசியத்துல 1968ல கிடைச்ச ஒரு கல்லறையோட மூடிக்கல்லு இருக்கு, அதுல ஒருத்தன் தண்ணிக்குள்ள டைவ் அடிக்கறா மாதிரி வரைஞ்சிருக்காங்க, கடல்ல குதிச்சுட்டு வந்த பசங்களுக்கு அது டக்குனு பிடிச்சுப் போகும். 18 வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாது. ரயில் ஸ்டேஷனும் கோயிலுக்குக் கிட்டயே இருக்கு. காலைல போங்க, நிழலே இல்ல. வர்ற வழில எருமைப்பால் மொஸ்ஸரெல்லா பண்ற பண்ணைங்க நிறைய, அன்னைக்குப் பண்ணத அன்னைக்கே சாப்பிடணும், ஃப்ரிட்ஜ்ல வச்சா ரப்பர்.

மத்தபடி வேற ப்ளான் போடாதீங்க. ரோம், வெனிஸ், பிளாரன்ஸ் எல்லாத்தையும் இதே வாரத்துல சொருகினா உங்களுக்குக் கிராமமும் கிடைக்காது, நகரமும் கிடைக்காது.

விசா கடைசில சொல்றேன், ஆனா வேலை முதல்ல இதுதான். ஷெங்கன் விசா பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுலேர்ந்து 12 வயசுக்குள்ள 45, அதுக்குக் கீழ இலவசம், மேல சென்டர் சார்ஜ் தனி. 30,000 யூரோ கவர் இருக்கற டிராவல் இன்சூரன்ஸ் வேணும், அத்தைக்கு வயசு அதிகம்னா பாலிசில முட்டி வலி மாதிரி பழைய வியாதிய எப்படி எழுதியிருக்காங்கன்னு படிச்சுப் பாருங்க. ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், காலாண்டு லீவுக்குன்னா ஜூன் மாசமே அப்பாயின்ட்மென்ட் தேட ஆரம்பிங்க, விசா கைல வர்ற வரைக்கும் வீட்ட கேன்சல் பண்ணா காசு திரும்பற மாதிரியே புக் பண்ணி வச்சுக்கோங்க.