வாரம் ஒரு கீமோ, 12 வாரம்: பக்க விளைவுகளோடு அன்றாட வேலைகளைப் பார்ப்பது எப்படி?

வாரம் ஒரு முறையாக 12 வாரம் கீமோ எடுக்கும்போது பக்க விளைவுகளைச் சமாளித்து அன்றாட வேலைகளைப் பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மருந்தின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. வாரா வாரம், 12 முறை என்றால் பெரும்பாலும் பேக்லிடாக்சலாக இருக்கும்; மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் தரப்படும் முறை அது. அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு மருந்தென்றாலும் காய்ச்சல், வாய், மலச்சிக்கல் பற்றிச் சொல்வது ஓரளவு பொருந்தும். "டாக்டர் சொல்ல வேண்டியதை நீ ஏன் சொல்கிறாய்" என்று யாராவது கேட்கலாம். எந்த மருந்தின் அளவையும் நீங்களாக மாற்றச் சொல்லவில்லை. டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தப் பதில்.

முதலில் விரல்கள். கால் விரல் நுனி, பிறகு கை விரல் நுனி என்று சுருசுருப்பு தொடங்கும். மருந்து ஏற ஏற மரப்பும் கூடிக்கொண்டே வரும். "சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், நோய் திரும்பிவிடும்" என்ற பயத்தில் பலர் இதை மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அளவைக் குறைப்பதும் ஒரு வாரம் தள்ளிவைப்பதும் சிகிச்சையின் பகுதிதான். ஆனால் கெட்டுப்போன நரம்பு தேற மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும்; சிலருக்கு முழுதாகத் தேறுவதே இல்லை.

ஒவ்வொரு ஊசிக்கும் முந்தைய நாள் மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பொத்தானைப் போடுங்கள். தரையில் கிடக்கும் நாணயத்தை விரலால் எடுங்கள். வெறுங்காலில் நின்று தரையின் குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் "கொஞ்சம் மரப்பு" என்று சொன்னால் அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. "போன வாரம் பொத்தான் போட முடிந்தது, இந்த வாரம் முடியவில்லை" என்றால் உடனே முடிவெடுப்பார். வைட்டமின் மாத்திரை இதைத் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. அசிடைல் எல் கார்னிடின் என்ற சத்து மாத்திரை மரப்பை அதிகமாக்கியது என்றே ஆய்வில் தெரிந்தது, அதை வாங்காதீர்கள். வலியாக மாறிவிட்டால் டுலாக்செடின் ஓரளவு உதவும், அது டாக்டர் எழுதித்தர வேண்டிய மருந்து. மரத்த காலுக்குச் சூடு தெரியாது என்பதால் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள்.

அடுத்தது வாரத்தின் போக்கு. ஒவ்வாமை வராமலிருக்க மருந்துக்கு முன்னால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அன்றிரவு தூக்கம் வராது. மறுநாள் முகம் சிவந்து, உடம்பில் தெம்பு இருப்பது போலத் தோன்றும். அதை நம்பி வீட்டு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஸ்டீராய்டின் வேகம் அடங்கும் இரண்டாம், மூன்றாம் நாளில் உடம்பு அடித்துப் போட்டது போலாகும், மூட்டும் தசையும் வலிக்கும். வேலைக்குப் போகிறவர் என்றால் வியாழக்கிழமை ஊசி கேட்டுப் பாருங்கள். அந்தச் சோர்வு சனி, ஞாயிறில் விழும். சர்க்கரை நோய் இருந்தால் ஸ்டீராய்டால் ஊசி நாளும் மறுநாளும் சர்க்கரை அளவு ஏறும், வீட்டிலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். சோர்வுக்குப் படுத்தே கிடப்பது மருந்தல்ல. பத்து நிமிடமாவது, ஒரு நாளைக்கு இரண்டு முறை நடப்பது அதைவிடப் பலன் தரும்.

ஊசி நாளில் முதல் இரண்டு முறைதான் கவனம். பேக்லிடாக்சல் தண்ணீரில் கரையாது, ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில்தான் அதைக் கலக்கிறார்கள். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கரைப்பான்; வந்தால் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். தொண்டை அரிப்பு, நெஞ்சு இறுக்கம், திடீர் முதுகு வலி, எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஊசி ஏறும் இடத்தில் எரிந்தாலும் அப்படித்தான். மருந்து இரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். ஒவ்வாமைக்கான இன்னொரு மருந்து தூக்கத்தைத் தரும் என்பதால் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம். குளிர்ந்த கையுறை தந்தால் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே மெல்லிய துணி இருக்கட்டும். நகம் கறுப்பதையும் பெயர்வதையும் அது குறைக்கிறது.

வாந்தியை நிறுத்தத் தரும் ஆண்டான்செட்ரான் மலத்தைக் கட்டிப்போடும். மலமிளக்கியை மூன்று நாள் கழித்துத் தொடங்கினால் கஷ்டம்தான். அந்த மாத்திரையோடு சேர்த்தே தொடங்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆசனவாய் வழியாக எதையும் வைக்க வேண்டாம், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது அது கிருமிக்கு வழி. வாய்க்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அரைக்கால் டீஸ்பூன் உப்பும் கலந்து, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த மௌத்வாஷ் வேண்டாம். முடி, இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொண்டால் வாரித் தள்ளும் வேலை குறையும்.

காய்ச்சல் மட்டும் காத்திருக்கக் கூடாத விஷயம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதற்கு முன் பாராசிட்டமால் போடாதீர்கள். காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியை எதுவும் செய்யாது. அங்கே போனதும் முதல் வாக்கியமே "எனக்குக் கீமோ நடக்கிறது, கடைசி ஊசி இந்தத் தேதியில்" என்று இருக்க வேண்டும். பணியில் இருப்பவர் புற்றுநோய் மருத்துவராக இருக்க மாட்டார், வரிசையில் உட்காரச் சொன்னால் இன்னொரு முறை சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோயாளி கையில் கொடுக்கும் அறிவுரைத் தாளில் நாற்பது பக்க விளைவுகள் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். முடி கொட்டுவதற்கும் நகம் கறுப்பதற்கும் நடுவில் காய்ச்சல் ஒரு வரியாகக் கிடக்கும். உயிரை எடுக்கக்கூடியதையும் மனதை மட்டும் வருத்துவதையும் ஒரே வரிசையில் அச்சடிப்பது தவறு. அதைப் பெரிய எழுத்தில் தனியாகப் போட என்ன தடை? மறுபக்கம் வீட்டுக்கு வருகிறவர்கள் "தைரியமாக இரு, எல்லாம் சரியாகும்" என்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளை அணு) ஆயிரத்துக்குக் கீழே போய் அந்த வார ஊசி தள்ளிப்போனால், நோயாளி தன் தைரியம் போதவில்லை என்று குற்ற உணர்வோடு உட்கார்ந்திருக்கிறார். எலும்பு மஜ்ஜை தைரியத்தைப் பார்த்து அணுக்களை உண்டாக்குவதில்லை. சளி, இருமல் இருப்பவர்கள் வராமலிருப்பதே பெரிய உதவி.

கடைசியாக, ஊசிக்குப் பிறகு 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து இருக்கும். கழிப்பறையை மூடி வைத்து இரண்டு முறை ஃப்ளஷ் செய்யுங்கள், அழுக்கான துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். இதைக் கேட்டுப் பயந்துபோய் சில வீடுகளில் குழந்தைகளை அறைப்பக்கமே விடுவதில்லை. அந்த 48 மணி நேரத்திலும் குழந்தையைக் கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம்.