ஓபிஆர்னா என்னப்பா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் சுங்கை சிப்புட்காரன்தான். வயது 47. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். நீங்கள் எழுதுவதில் பாதி எனக்குப் புரியும். மீதிக்குப் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே படித்துவிடுவேன். 2025 ஜூலையில் ஓபிஆர் குறைந்தபோது கோப்பிக்கடையில் ஓர் அண்ணன், "இனிமே கார் தவணை குறையும்" என்றார். மேசையில் இருந்த ஆறு பேரும் "ஆமா ஆமா" என்றோம். வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன். படிவம் நான்கு படிக்கும் மகள், "ஓபிஆர்னா என்னப்பா?" என்றாள். "அது பேங்க் சமாச்சாரம், நீ படி" என்று சொல்லிவிட்டேன். தவணையும் குறையவில்லை. பணவீக்கம், பெனாமா என்று எத்தனையோ சொற்களை இப்படியே இருபது வருடமாக ஓட்டிவிட்டேன். இந்த வயதில் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் தவணையை முடித்துவிடுவோம். வங்கிகள் தங்களுக்குள் ஒரு ராத்திரிக்குக் கைமாற்று வாங்கிக்கொள்ளும். அதற்கு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் வட்டிதான் ஓபிஆர். அதை 3 விழுக்காட்டிலிருந்து 2.75க்கு இறக்கினார்கள். வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவற்றின் வட்டி இதைப் பிடித்துக்கொண்டே ஏறும், இறங்கும். வழக்கமான கார் கடனில் கையெழுத்துப் போடும் அன்றே வட்டியைக் கட்டிப்போட்டு விடுகிறார்கள், அது அசையாது. ஆகவே உங்களை யாரும் ஏமாற்றவில்லை. அந்த அண்ணன் வீட்டுக் கடன் வைத்திருப்பவராக இருக்கலாம்.

கார் கடனில் நாம் தலையாட்டும் சொல் இன்னொன்று உண்டு, ஃபிளாட் ரேட். நான் கார் வாங்கியபோது 50,000 வெள்ளி கடன், ஒன்பது வருடம், வட்டி 3 விழுக்காடு என்றார்கள். மூன்றுதானே என்று எனக்குச் சந்தோஷம். வருடத்துக்கு 1,500 வெள்ளி என்று ஒன்பது வருடத்துக்கு 13,500. மொத்தம் 63,500, அதை 108 மாதத்தால் வகுத்தால் மாதம் 588 வெள்ளி. கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அசலை நான் மாதாமாதம் திருப்பிக்கொண்டே வருகிறேன் அல்லவா? கடைசி வருடம் தொடங்கும்போது நான் தரவேண்டிய அசல் ஏழாயிரம் வெள்ளிகூட இருக்காது. வட்டி மட்டும் ஒன்பது வருடமும் ஐம்பதாயிரம் முழுசாக என் கையில் இருப்பதாக வைத்துப் போட்டது. வீட்டுக் கடனில் செய்வதுபோல மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி என்று வைத்துப் பார்த்தால், என்னுடைய அந்த மூன்று உண்மையில் சுமார் ஐந்தரை விழுக்காடு. கார் வாங்கி நாலு வருடம் கழித்து என் மகன் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் இதைப் போட்டுக் காட்டினான். அதுவரை இளவட்டங்களிடம், "எடுத்துக்கோ தம்பி, வட்டி கம்மிதான்" என்று புத்தி சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

தெரியாததைத் தெரியும் என்று தலையாட்டுவதைப் பற்றி ஓர் ஆய்வே இருக்கிறது. டேவிட் டன்னிங் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2015ல் அமெரிக்காவில் வெளியிட்டது. பணம் தொடர்பான சொற்களைக் கொடுத்து, எது எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். அவற்றில் மூன்று அவர்களே இட்டுக்கட்டிய சொற்கள். இல்லாத அந்தச் சொற்களையும் தெரியும் என்று பலர் குறித்துக் கொடுத்தார்கள். தமக்குப் பண விவகாரம் நன்றாகத் தெரியும் என்று நினைத்தவர்களே அதிகமாகக் குறித்தார்களாம். இன்னொரு சோதனையில், பட்டியலில் போலிச் சொற்கள் கலந்திருக்கின்றன என்று முன்கூட்டியே எச்சரித்தும் இந்தப் போக்கு மாறவில்லை. நம் கோப்பிக்கடை மேசையை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் நம் ஊர்த் தலையாட்டலுக்குத் தலைக்கனம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போவார். அங்கே கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், சொல்வது எதுவானாலும் பதில் ஒன்றுதான், "சரிங்க." வெட்டி முடித்துக் கொண்டுவரும் பாலை ஸ்டோரில் அளந்து, மெட்ரோலாக் என்ற மிதவையை அதில் விட்டு, எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்ப்பார்கள். டிஆர்சி என்பது அந்த ரப்பர் பங்குதான். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மீதி பெரும்பாலும் தண்ணீர். மழைத்தண்ணீர் கலந்தால் இன்னும் இறங்கிவிடும். எங்கள் தோட்டத்தில் கூலியில் ஒரு பகுதி இந்த எண்ணைப் பொறுத்தது.

டிஆர்சி என்ற சொல் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. வாளியில் விரலை நனைத்து எடுத்து, பால் வழிவதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கெட்டிப் பால்" என்பார். ஒருநாள் கிராணி எண்ணைக் குறைத்துப் படித்தார். அது தப்பு என்று அப்பாவுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அரைமணி நேரம் புலம்பினார். ஸ்டோரில் அவர் சொன்னது "சரிங்க" மட்டும்தான்.

அந்தச் "சரிங்க" நமக்கு அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது முன்னால் கிராணி இல்லை, கவுண்டரில் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. "புரிஞ்சதா அங்கிள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறது. நாம் பெரட்டில் நிற்பதுபோலவே நிற்கிறோம். அப்பா தெரிந்துகொண்டு தலையாட்டினார் என்பதுதான் வித்தியாசம்.

பணவீக்கம் தெரியாது என்கிறீர்கள். டயர் விலை, சாமான் விலை எல்லாம் ஏறிவிட்டது என்று சொல்லிப் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தை ஏற்றியிருப்பீர்களே, என்றாவது ஒருநாள்? அப்போது பெற்றோரிடம் விளக்கியது அதைத்தான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் சொன்னால் விலை இறங்கியது என்று பொருள் இல்லை. ஏறுகிற வேகம் தணிந்திருக்கிறது, விலை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சிரிப்பார்களே என்றீர்கள். சிரித்தால் என்ன? ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவில் நான் 'அறிதோறு அறியாமை கண்டற்றால்' என்று தொடங்கி, கற்கக் கற்கத்தான் நம் அறியாமை தெரியும், வள்ளுவர் கல்விக்குச் சொன்னது என்று இருபது நிமிடம் பேசினேன். நல்ல கைத்தட்டல். சாப்பாட்டின்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஐயா, அந்தக் குறள்ல அடுத்த சொல் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த சொல் 'காமம்'. 1110ஆவது குறள், அதிகாரம் புணர்ச்சி மகிழ்தல். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன். அந்த அம்மா சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு வடை வைத்தார். அதற்குப் பிறகு முழுக் குறளையும் பார்க்காமல் மேடை ஏறுவதில்லை.

பெனாமா விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நம் ஆட்களில் சிலர் அதைப் பினாமி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் யாருக்குப் போகவேண்டும் என்று நீங்கள் எழுதி வைக்கும் பெயர்தான் பெனாமா. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, பெயர் குறிக்கப்பட்டவருக்கே அந்தப் பணம் சொந்தம். பத்தொன்பது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் அதை மாற்றாமல் இருப்பவர்கள் நிறைய. அம்மா காலமாகியிருந்தால் அந்தப் பதிவால் பயனில்லை, மனைவி பிள்ளைகள் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். உங்கள் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். கவுண்டரில் "புரிஞ்சதா அங்கிள்?" என்றால், "இல்லம்மா, இன்னொரு தடவை சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

மகளிடம் ஓபிஆரைச் சொல்லும்போது, அன்றைக்கு உங்களுக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

சனிக்கிழமை காலையில் நானும் கோப்பிக்கடைக்கு வருகிறேன். கார் தவணை அண்ணன் யார் என்று காட்டுங்கள், எனக்கு வேறு ஒரு சொல்லில் சந்தேகம் இருக்கிறது.

அன்புடன்.