நாலு ரவுண்டு தாண்டாத தம்பிக்கு அடுத்த எதிராளி

குத்துச்சண்டையில் வெல்டர்வெயிட் பிரிவில் (66.7 கிலோ வரை) தம்பி ஒன்பது சண்டையையும் நாலு ரவுண்டுக்குள் முடித்துவிட்டான், அடுத்து தோல்வியே காணாத பையனா, 35 வயது இடதுகை அனுபவசாலியா என்று கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு பழைய ஆளுக்குத்தான். தம்பிக்கு இப்போது தேவை எட்டு ரவுண்டு, இன்னொரு நாக்அவுட் (எதிராளியை எழ முடியாமல் வீழ்த்துவது) இல்லை.

அமெரிக்க வெல்டர்வெயிட் வீரர் எரோல் ஸ்பென்ஸை வளர்த்த விதத்தைப் பாருங்கள். 2016இல் முதலில் கிறிஸ் அல்ஜியேரி, பிலிப்பைன்ஸ் நட்சத்திரம் பக்கியாவோவிடம் ஆறு தடவை விழுந்தும் 12 ரவுண்டு நின்றவர். அப்புறம் 41 வயது லியோனார்ட் புண்டு, இன்னொரு முன்னணி வீரர் கீத் தர்மனோடு 12 ரவுண்டு போனவர். ஸ்பென்ஸ் ஒருவரை 5ஆவது ரவுண்டிலும் மற்றவரை 6ஆவதிலும் முடித்தார், எங்கே நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. மறுவருடமே ஷெஃபீல்டில் கெல் புரூக்கை வீழ்த்தி ஐபிஎஃப் (சர்வதேச குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) உலகப் பட்டம்.

ஆனால் இடதுகைக்காரர் என்பதால் ஆறு வாரமாவது இடதுகை ஆளோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வேண்டும். இருவரும் முன்னால் வைக்கும் கால்கள் ஒன்றையொன்று மிதிக்கும், தலை முட்டிப் புருவம் கிழியும். முன்காலை அவர் காலுக்கு வெளிப்பக்கம் வைத்து வலதுகையை நேராக விடப் பழக்குங்கள்.

கையெழுத்துக்கு முன் அவருடைய கடைசி மூன்று சண்டை வீடியோவைப் பாருங்கள். புள்ளியில் தோற்றிருந்தால் சரி, வரிசையாக நாக்அவுட் ஆகியிருந்தால் வேண்டாம். 66.7 கிலோவுக்கு மேல் எடை கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.