ஊர்வலத்தில் ரைஃபிள் எதற்கு?

கேள்வி: அரசியல் கூட்டங்களுக்குத் துப்பாக்கியோடு வரும் அமெரிக்கர்களைச் சென்ற இதழில் கண்டித்திருந்தீர்கள். நான் 12 ஆண்டுகளாக டெக்சாஸில் வாழ்கிறேன். இங்கே அது சட்டப்படி சரி. ஒளித்து வைத்திருப்பவனைவிட நாலு பேருக்குத் தெரிய வைத்திருப்பவன் நேர்மையானவன். அப்படி வருகிறவர்கள் அநேகமாக யாரையும் சுடுவதும் இல்லை. பிறகு உங்களுக்கு என்ன குறை?
- ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 2020 ஜூலை 25 இரவு. ஆஸ்டினின் காங்கிரஸ் அவென்யூ பகுதியில் கறுப்பின மக்களின் உயிருக்கு நியாயம் கேட்டு ஓர் ஊர்வலம். முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர், சக்கர நாற்காலியில் இருந்த தன் வருங்கால மனைவியோடு வந்திருந்தார். ஏகே வகைத் துப்பாக்கி ஒன்றை எல்லோருக்கும் தெரியும்படி முன்பக்கம் மாட்டியிருந்தார். கூட்டம் நின்ற தெருவுக்குள் ஒரு கார் திரும்பியது. ஓட்டியவர் ராணுவ சார்ஜென்ட், அவரிடமும் கைத்துப்பாக்கி இருந்தது. ரைஃபிள் வைத்திருந்தவர் காரை நெருங்க, ஓட்டியவர் உள்ளே இருந்தபடியே சுட்டார். நெருங்கியவர் இறந்துபோனார்.

ரைஃபிளை என் பக்கம் தூக்கினார், அதனால் சுட்டேன் என்றார் ஓட்டியவர். தூக்கவே இல்லை என்றார்கள் சாட்சிகள். 2023இல் ஜூரி அதைக் கொலை என்றது. 25 ஆண்டு சிறை. 2024 மே மாதம் ஆளுநர் கிரெக் அபட் பொதுமன்னிப்பு கொடுத்து அவரை வெளியே விட்டார்.

நான் அந்த ஜூரியின் பக்கம்தான். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தூக்கினாரா இல்லையா என்பதில் சாட்சிகளையும் படங்களையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலசியவர்களே ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தில் நின்றவர்களுக்குக் கிடைத்ததோ சில நொடிகள். துப்பாக்கி வெளியே தெரிவது நேர்மை என்கிறீர்கள். துப்பாக்கி தெரிகிறது, சரி. வைத்திருப்பவர் மனசு தெரியவில்லையே! அவர் காவலுக்கு வந்தாரா, கொல்ல வந்தாரா என்பது குண்டு பாய்ந்த பிறகுதான் புரியும்.

இதே சங்கடத்தில் உங்கள் மாநிலப் போலீசும் மாட்டியது. 2016 ஜூலை 7 அன்று டாலஸ் ஊர்வலத்துக்கு இருபது முப்பது பேர் ரைஃபிளோடு வந்திருந்தார்கள். திடீரென்று ஒருவன் போலீசாரைக் குறிவைத்துச் சுட்டான். ஐந்து காவலர்கள் இறந்தார்கள். ரைஃபிளோடு வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே உயிர் பிழைக்க ஓடினார்கள். ஓடுகிறவர்களில் யார் கொலைகாரன்? ஊர்வலத்துக்கு வந்த ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸ் ஊருக்கெல்லாம் பரப்பிவிட்டது. அவர் எந்தத் தப்பும் செய்யாதவர். குழப்பம் தொடங்கியதுமே துப்பாக்கியைக் காவலர் கையில் கொடுத்தவர். வழியில் அவரை யாராவது அடையாளம் கண்டு சுட்டிருந்தால்? டாலஸ் போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன் பிறகு வேதனையோடு கேட்டதும் இதைத்தான்: எல்லோர் கையிலும் ரைஃபிள் இருக்கும்போது நல்லவன் யார், கெட்டவன் யார் என்று நாங்கள் எப்படிப் பிரிப்பது?

அப்புறம், "சுடுவதில்லை" என்ற உங்கள் வாதம். 2020 ஏப்ரல் 30 அன்று மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் ஊரடங்கை எதிர்த்து வந்தவர்களில் சிலர் ரைஃபிளோடு நுழைந்தார்கள். மேலவையின் பார்வையாளர் மாடத்தில் நின்று கீழே பார்த்தார்கள். உண்மைதான், யாரும் சுடவில்லை. ஆனால் கீழே இருந்த உறுப்பினர்களில் சிலர் குண்டு துளைக்காத அங்கி அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். சுடாமலேயே அந்தத் துப்பாக்கிகள் செய்த வேலை அது. கோரிக்கையைச் சொல்லத்தான் வாயும் பதாகையும் இருக்கின்றனவே, ரைஃபிள் கூடுதலாக என்ன சொல்கிறது? "எனக்கு எதிராகக் கை தூக்குவதற்கு முன் யோசித்துக்கொள்" என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி அந்தக் கட்டடத்துக்குள் வருவதற்கு 2021 ஜனவரியில்தான் தடை வந்தது.

நீங்கள் எழுதாத ஒரு வாதம் என்னைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறது. 1964இல் லூயிசியானாவின் ஜோன்ஸ்பரோவில் கறுப்பின ஆண்கள் சிலர் சேர்ந்து 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குடிமை உரிமைப் போராட்டக்காரர்களுக்குத் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். 1966இல் மிசிசிப்பியில் அந்த உரிமைகளுக்காக நடந்த நெடுநடைக்கும் அவர்கள் காவல் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் ஆட்கள் வீடு புகுந்து கொன்ற காலம் அது. புகார் கொடுக்கப் போனால் காவல் நிலையத்திலும் அவர்களுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். சட்டம் கைவிட்டவர்கள் உயிரைக் காக்க எடுத்த ஆயுதம் அது. இன்று போலீஸ் காவல் நிற்கும் ஒரு கூட்டத்துக்கு, எதிர்க்கருத்துக்காரர் முன்னால் ரைஃபிளைத் தொங்கவிட்டு வருகிறவர் அந்த மனிதர்களை உதாரணம் காட்ட முடியாது.

2020 ஜனவரியில் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு திரண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கருத்துக்காரர்கள். ரைஃபிள் யாரைப் பயமுறுத்தக் கூடுமோ அவர்களில் பலர் அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

சட்டம் என்றீர்களே, அதையும் பார்ப்போம். நீங்கள் பிறந்த இந்தியாவின் அரசியல் சட்டம், 19ஆவது பிரிவில், அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைக் கொடுக்கிறது. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 8ஆவது பிரிவில் கிட்டத்தட்ட அதே சொற்களைச் சொல்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் "அமைதியாக" மட்டும் இருக்கிறது, "ஆயுதமின்றி" இல்லை. உங்கள் ஊர்க்காரர்கள் நிற்பது அந்த இடைவெளியில். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும், பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் தடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. நம் ஊர் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. வேனில் அரிவாளும் உருட்டுக்கட்டையும் ஏற்றி வந்த கூட்டங்கள் இங்கேயும் உண்டு. ஆனால் பிடிபட்டால் அது குற்றம். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை ஆஸ்டினில், நீங்கள் எதிர்க்கும் கட்சிக்காரர்கள் ரைஃபிளோடு நிற்கிற கூட்டத்துக்கு உங்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போங்கள். அவர்களுக்குப் பிடிக்காத ஒரு கேள்வியை எழுந்து கேளுங்கள். கேட்க முடிந்ததா என்று எனக்கு எழுதுங்கள். அதை அப்படியே இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.