பகடை உருட்டி வானம் வரையலாமா?

கேள்வி: நண்பர்களோடு ஆட ஒரு அறிவியல் புனைவு ரோல்பிளேயிங் கேம் தயார் செய்கிறேன். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில் கட்டத்துக்கு ஒரு பகடை உருட்டி, 4, 5, 6 விழுந்தால் நட்சத்திரம் வைக்கிறேன். எத்தனை வரைபடம் போட்டாலும் எல்லாம் ஒரே மாதிரி வருகிறதே, ஏன்?

பதில்: பகடை மேல் தப்பில்லை. 1977-ல் வந்த டிராவலர் விளையாட்டிலும் இதே முறைதான்: 8-க்கு 10 என்று 80 கட்டம், ஒரு கட்டம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. பாதிக்குப் பாதி வாய்ப்பில் 80 முறை உருட்டினால் சராசரி 40, பெரும்பாலும் 31-க்கும் 49-க்கும் நடுவில் நின்றுவிடும். ஒரு கட்டத்தில் விழுந்தது அடுத்த கட்டத்தைக் கொஞ்சமும் பாதிக்காததால், பெரிய வெறுமையோ நெருக்கமான கொத்தோ வருவது ரொம்ப அபூர்வம். எங்கும் ஒரே சீராகப் பொடி தூவின மாதிரி இருக்கும்.

அதனால் முதலில் அடர்த்திக்குப் பகடை உருட்டுங்கள், அப்புறம் நட்சத்திரத்துக்கு. வரைபடத்தை 20 கட்டம் கொண்ட நான்கு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பகடை. 1 விழுந்தால் அந்தப் பகுதியில் 6-க்கு மட்டும் நட்சத்திரம், 2 அல்லது 3 என்றால் 5-லிருந்து, 4 அல்லது 5 என்றால் 4-லிருந்து, 6 விழுந்தால் 3-லிருந்தே. இப்போது ஒரு பகுதியில் மூன்று நட்சத்திரம், பக்கத்துப் பகுதியில் பதின்மூன்று என்று வர ஆரம்பிக்கும். பகுதிகளின் எல்லை கோடு கிழித்த மாதிரி தெரிந்தால், ஓரத்துக் கட்டங்களுக்கு எந்தப் பக்கத்து விதி என்று காசு சுண்டி முடிவு செய்யுங்கள், போதும்.

அழகை விட முக்கியமானது வழி. ஒரு கட்டத்துக்கு ஆறு அண்டைக் கட்டங்கள் இருக்கும் வரைபடத்தில், நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் நீள்வதற்கான அடர்த்தி எல்லை சரியாக 50 சதவீதம் என்பது கணிதத்தில் நிரூபணமான விஷயம். நீங்கள் உருட்டும் 4, 5, 6 அந்த எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறது, எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம்! கப்பல் ஒரு தாவலில் ஒரு கட்டம்தான் போகும் என்றால், 33 சதவீதத்தில் உலகங்கள் சின்னச் சின்னத் தீவுகளாகப் பிரிந்துவிடும், 66-ல் ஏறக்குறைய எங்கிருந்தும் எங்கும் போகலாம், 50-ல் எங்கே பாதை அறும் என்று சொல்லவே முடியாது. இரண்டு கட்டம் தாவும் கப்பலுக்கு 33-ஏ தாராளம். ஆகவே கப்பல் எவ்வளவு தூரம் தாவும் என்பதை முடிவு செய்யாமல் அடர்த்தியைத் தொடாதீர்கள்.

கேள்வி: நிஜ வானத்தில் அடர்த்தி எவ்வளவு?

பதில்: சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் பத்து கன பார்செக்குக்கு ஏறத்தாழ ஒரு நட்சத்திரம். ஒரு பார்செக் தடிமனில் உங்கள் 80 கட்டத்தை வெட்டியெடுத்தால் ஏழெட்டு தேறும், அதிலும் முக்கால்வாசி மங்கலான சிவப்புக் குள்ளன்கள். அதை அப்படியே வைத்தால் கப்பல் வெறும் இருட்டில்தான் ஓடும். எண்ணிக்கையை ஆட்டத்துக்குத் தோதாக ஏற்றிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் நட்சத்திரத்தின் வகையைத் தீர்மானிக்கும்போது சிவப்புக் குள்ளனுக்கே அதிக வாய்ப்புக் கொடுங்கள். அப்போதுதான் சூரியனைப் போன்ற மஞ்சள் நட்சத்திரம் ஒன்று விழும்போது எல்லோரும் அதற்குப் போட்டி போடுவார்கள்.